காஞ்சிபுரத்துல காலை 8 மணி மாத்திரை... கலிஃபோர்னியாவுல எப்போ போடணும்?

பிள்ளையார்பாளையம் தறி வீடுகளில் ஆரம்பித்து சின்ன காஞ்சிபுரம் வரைக்கும், பையனோ பொண்ணோ வெளிநாட்டில் இருக்கிற வீடு இல்லாத தெருவை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். பொண்ணுக்குப் பிரசவம், பேரனுக்கு முதல் பிறந்தநாள், பையன் வாங்கின வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் என ஏதோ ஒரு காரணத்தில் அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா பெட்டி கட்டுகிறார்கள். பருப்புப்பொடி, வடகம், மாவடு, குழந்தைக்கு வசம்பு, மருமகளுக்கு ஒரு பட்டுப்புடவை என்று பத்து நாளாக லிஸ்ட் ஓடும். மாத்திரை விஷயத்தில் மட்டும், 'ஆறு மாசத்துக்கு வாங்கி வெச்சாச்சு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது என்ற கேள்வி, பெரும்பாலும் விமானம் கிளம்பிய பிறகுதான் வரும். நடுவானில், சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது, கைக்கடிகாரம் காலை 6 மணி என்று சொல்லும். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தால் ராத்திரி. ஏர் ஹோஸ்டஸ் கொண்டுவந்து வைப்பது டின்னரா, டிபனா என்றே புரியாது. இப்போ போடணுமா வேண்டாமா? பக்கத்து சீட்டில் யாரைக் கேட்பது?

பிரஷருக்கும் தைராய்டுக்கும் மட்டும் மாத்திரை போடுபவர் என்றால், இதில் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. இன்சுலின் போடுபவர் என்றால் கட்டாயம் யோசிக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் சிலர் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார்கள், சிலர் எதற்குமே பயப்படுவதில்லை.

மருந்துக்கு மணி தெரியாது

மாத்திரைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டே விஷயம்தான். போன வேளைக்கும் இந்த வேளைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிருக்கிறது, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா. 'காலை 8 மணி மாத்திரை' என்பது நாம் மறக்காமல் இருப்பதற்காக வைத்துக்கொண்ட பெயர். அந்த 8 மணியே மனுஷன் போட்ட கணக்குதான். நாடு முழுக்க ஒரே நேரம் என்பது 1906 ஜனவரி 1-ம் தேதி வந்த ஏற்பாடு. அதற்கு முன்பு நம் பக்கத்தில் 'மெட்ராஸ் டைம்' என்றே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இன்றைய இந்திய நேரத்தைவிட அது சுமார் 9 நிமிடம் பின்தங்கியது.

மேற்கே போகப் போக நாள் நீளும், கிழக்கே போகப் போக நாள் சுருங்கும். காஞ்சிபுரத்தில் இருந்து அமெரிக்கா போகும் நாளில், அந்த ஒரு தேதி முப்பது மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. திரும்பி வரும்போது அதே அளவு காணாமல் போகிறது. நீண்ட நாளில் இரண்டு வேளைகளுக்கு நடுவே இடைவெளி கூடிவிடும். சுருங்கிய நாளில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துவிடும். இந்தக் கட்டுரையில் வருவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் கிளைகள்தான்.

கோடைக்காலத்தில் நியூஜெர்சி நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கலிஃபோர்னியா பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் இரண்டுமே ஒரு மணி நேரம் கூடும். லண்டன் கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை. சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இலங்கைக்குப் போனால் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம்.

வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்குள் என்றால், பெரும்பாலான மருந்துகளுக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. போய் இறங்கியதும் அந்த ஊர் நேரப்படி போட ஆரம்பித்துவிடலாம். சிங்கப்பூர் மகள் வீட்டுக்கும் துபாய் மகன் வீட்டுக்கும் போகிறவர்கள் இதைப் படித்ததும் நிம்மதியாகப் பெட்டி கட்டப் போகலாம். போவதற்கு முன், கடைசியில் இருக்கும் துபாய் மாத்திரை விஷயத்தை மட்டும் படித்துவிடுங்கள்.

பொறுத்துப் போகும் மாத்திரைகள்

தைராய்டு மாத்திரையில் இருந்து ஆரம்பிப்போம். அம்மாக்கள் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். 'கரெக்டா ஆறு மணிக்கு, வெறும் வயித்துல' என்று டாக்டர் சொன்னது மனதில் பதிந்திருக்கும். அதில் முக்கியமான சொல் வெறும் வயிறு. ஆறு மணி இல்லை. தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். சில மணி நேரம் முன்னே பின்னே ஆனால் உடம்புக்குத் தெரியவே தெரியாது.

ஒரு அம்மா சனிக்கிழமை காலை 6 மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, அன்று ராத்திரி மீனம்பாக்கத்துக்குக் கிளம்புகிறார். ஞாயிறு விடியலுக்கு முன் விமானம். இந்திய நேரம் ஞாயிறு காலை 6 மணிக்கு, விமானத்திலேயே அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். நடுவில் எங்கேயோ விமானம் மாறி நியூஜெர்சியில் இறங்கும்போது அங்கே ஞாயிறு பிற்பகல். அடுத்த மாத்திரை, அந்த ஊர் திங்கள்கிழமை காலை 6 மணிக்கு. நடுவில் முப்பத்து மூன்றரை மணி நேரம். தைராய்டு மாத்திரைக்கு இது ஒரு விஷயமே இல்லை.

தினம் ஒரு வேளை போடும் பிரஷர் மாத்திரைகளும் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஆம்லோடிபின், டெல்மிசார்டான் போன்றவை உடம்பில் நீண்ட நேரம் தங்குபவை. பிரஷர் மாத்திரையைக் காலையில் போடுவதா, ராத்திரி போடுவதா என்பதையே பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். 'டைம்' என்ற அந்த ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆக, நேரம் மாறுவதால் ஆபத்தில்லை. பயணக் களேபரத்தில் இரண்டு நாள் போடாமலேயே விட்டுவிடுவதில்தான் ஆபத்து. அதிலும் மெட்டோபிரோலால், அடினோலால் மாதிரி இதயத் துடிப்பை அடக்கும் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. கொலஸ்ட்ரால் மாத்திரையை அந்த ஊர் ராத்திரிக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

எந்த மாத்திரையானாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. விட்டுப்போச்சே என்று இரண்டாகச் சேர்த்துப் போட்டுக்கொள்ளக் கூடாது.

தட்டு வந்தால்தான் மாத்திரை

சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு போக வேண்டியது. அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பின்தொடர்ந்தால் போதும். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள் கொஞ்சம் முரடு. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்காமல் சர்க்கரையைக் கீழே இழுத்துவிடும். வீட்டில் என்றால், மாத்திரை போட்டுவிட்டு அடுப்படியில் இட்லி வேகும்வரை காத்திருக்கலாம். விமானத்தில் 'வண்டி வருது' என்று நம்பிப் போட்டுவிட்டால், குலுக்கல் ஆரம்பித்து பெல்ட் போடச் சொல்லி, சாப்பாட்டு வண்டி ஒரு மணி நேரம் நின்றுபோகலாம். தட்டு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்த பிறகுதான் மாத்திரை. இன்சுலினுக்கும் இதே விதிதான், இன்னும் கறாராக. சைவச் சாப்பாடு வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சைவம் இல்லை என்று சர்க்கரைக்காரர் பட்டினி கிடப்பது பக்தி இல்லை, ரிஸ்க்.

பட்டினி என்றதும் 2019 ஞாபகம் வருகிறது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள், வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் தரிசனம் நடந்தபோது வெளிநாடுகளில் இருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வரிசையில் நிற்பது மணிக்கணக்கில். இனி அந்த வைபவம் 2059-ல்தான். ஆனால் வைகாசி கருட சேவைக்கும் பங்குனி உத்திரத்துக்கும் வெளிநாட்டில் இருந்து வந்து நேராகக் கோயில் வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. முதல் நாள் ராத்திரி தூக்கமில்லை, நேரம் புரியவில்லை, 'தரிசனம் முடிஞ்சதும் சாப்பிட்டுக்கலாம்' என்ற நினைப்பு, உள்ளே கிளிமிபிரைடு. இது நல்ல கூட்டணி இல்லை. கை நடுங்கி, வியர்த்து, படபடத்தால் அது பக்திப் பரவசமாக இருக்காது, லோ சுகராக இருக்கலாம். இடுப்பில் ஒரு குளுக்கோஸ் பொட்டலமோ நாலு சர்க்கரை மிட்டாயோ இருக்கட்டும். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்சுலின்: உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்

இன்சுலின் போடுபவர் எட்டு, பத்து மணி நேர வித்தியாசம் உள்ள ஊருக்குப் போகிறார் என்றால், டிக்கெட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போவது கட்டாயம். இந்தக் கட்டுரையை வைத்தோ, மருமகன் போட்டுத் தரும் எக்செல் ஷீட்டை வைத்தோ அளவை மாற்றக் கூடாது. இரண்டு, மூன்று வாரம் முன்பே போங்கள். எப்போது கிளம்புகிறீர்கள், எங்கே மாறுகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள், நடுவில் எத்தனை சாப்பாடு என்று அவருக்குத் தெரிய வேண்டும். மேற்கே போகும்போது நாள் நீள்வதால் ஒரு சாப்பாடு கூடும். அதற்குக் கூடுதலாகக் கொஞ்சம் தேவைப்படலாம். கிழக்கே வரும்போது நாள் சுருங்குவதால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். குறைக்காமல் வழக்கம்போல் போட்டால், முதல் ஊசியின் வேலை முடியும் முன்பே இரண்டாவது ஊசியும் சேர்ந்துகொள்ளும். எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பதை அவர் எழுதித் தர வேண்டும். வாயால் சொன்னது விமானத்தில் ஞாபகம் இருக்காது.

கலிஃபோர்னியாவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு விநோதமான பொறி இருக்கிறது. நம் ஊரில் நிறைய பேர் போடுவது, காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று சாப்பாட்டுக்கு முன் போடும் கலவை இன்சுலின். ஒருவருக்குக் காலையில் 20 யூனிட், ராத்திரி 12 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தில் காலை 8 மணி என்றால், கோடையில் கலிஃபோர்னியாவில் முதல் நாள் இரவு ஏழரை. கிட்டத்தட்ட நேர் எதிர். ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஒரே அளவில் போடும் மாத்திரைக்கு இது பெரிய வசதி. அரை மணி நேரம் நகர்த்தினால் போதும், ராத்திரி மாத்திரை காலை மாத்திரை ஆகிவிடும். ஆனால் 20-ம் 12-மாக இன்சுலின் போடுபவர், 'உடம்புக்கு இந்தியா டைம்தான் பழக்கம்' என்று கைக்கடிகாரத்தைத் திருப்பாமல் வைத்திருந்தால், காலைக்கான பெரிய ஊசியை இரவு ஏழரைக்குப் போட்டுக்கொண்டு தூங்கப் போய்விடுவார். அமெரிக்காவில் நள்ளிரவில் சர்க்கரை சரியும். பக்கத்து அறையில் மகள் கைக்குழந்தையோடு அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள்.

அதனால், இன்சுலின் போடுபவர் இறங்கியதும் கடிகாரத்தை அந்த ஊருக்கு மாற்ற வேண்டும். காலை ஊசி என்பது அந்த ஊர் காலை டிபனுக்கு. முதல் மூன்று, நான்கு நாளைக்கு விரலில் குத்திப் பார்க்கும் சோதனையை வழக்கத்தைவிட அதிகமாகச் செய்யுங்கள். ராத்திரி படுக்கும் முன் ஒரு முறை கண்டிப்பாக.

நேரத்தோடு சேர்ந்து குழப்பும் இன்னொரு விஷயம் சிரிஞ்சு. நம் மெடிக்கல் ஷாப்களில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகள் பலவும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டவை. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. அமெரிக்காவில் மனிதர்களுக்கு விற்பது 100 யூனிட் சிரிஞ்சு, ஆரஞ்சு மூடி. (40 யூனிட் சிரிஞ்சு அங்கே நாய், பூனைக்கு இன்சுலின் போடுபவர்கள்தான் வாங்குகிறார்கள்.) இங்கே இருந்து கொண்டுபோன மருந்தை அங்கே வாங்கிய சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது வெறும் 8 யூனிட். தலைகீழாக, அங்கே வாங்கிய மருந்தை நம் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட். இது உயிருக்கே ஆபத்து. குப்பியில் போடுபவர்கள் தேவையான சிரிஞ்சுகளைச் சேர்த்தே எடுத்துப்போங்கள். பேனா பயன்படுத்துபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஊசியும் மருந்தும் கைப்பையில்தான் போக வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டால், அடித்தளத்துக் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் கதை இன்னும் மோசம். ஐஸ் கட்டி மேல் நேராகவும் வைக்கக் கூடாது. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின், பெரும்பாலும் 30 டிகிரிக்குள் சில வாரம் தாங்கும். எத்தனை நாள் என்பது வகைக்கு வகை மாறும், அட்டைப்பெட்டியில் இருக்கிறது. சித்திரை வெயிலில் காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்களுக்கு நம் ஊர் வழியே இருக்கிறது. மண்பானைத் தண்ணீருக்குள், நனையாதபடி ஒரு டப்பாவில்.

காத்திருக்காத மருந்துகள்

வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் தனி ரகம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் அது பன்னிரண்டு மணி நேரம்தான். மருந்து தள்ளிப்போவது ஒரு பக்கம், தூக்கம் கெடுவது இன்னொரு பக்கம். இரண்டுமே வலிப்பைத் தூண்டக் கூடியவை, நீண்ட விமானப் பயணத்தில் இரண்டும் சேர்ந்து வரும். பயணம் முழுக்க இந்திய நேரப்படியே போட்டு, இறங்கிய பிறகு டாக்டர் சொன்னபடி தினம் ஒன்று, இரண்டு மணி நேரமாக நகர்த்துவதுதான் வழக்கம். நடுக்குவாதத்துக்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாத்திரை போடுபவர்களுக்கும் விமானத்தில் அந்த இடைவெளிதான் முக்கியம். செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏர்பிளேன் மோடிலும் அலாரம் அடிக்கும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்கள், குறிப்பாக வால்வு மாற்றியவர்கள், ஒரு வேளையை விடவும் கூடாது, இரண்டாகப் போடவும் கூடாது. அபிக்சபான் போல இரண்டு வேளை மாத்திரைகளின் பாதுகாப்பு சீக்கிரமே வடிந்துவிடும். வார்ஃபரின், அசிட்ரோம் போடுபவர்கள் கிளம்பும் முன் ஐ.என்.ஆர். பார்த்துவிட்டு, போய்ச் சேர்ந்த பிறகு எப்போது மறுபடி பார்ப்பது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை நாள்கணக்கில் எடுப்பவர்களும் இந்தப் பட்டியலில்தான்.

இது வயதானவர்கள் கதை மட்டும் இல்லை. ஆன்சைட் வேலைக்குப் பறக்கும் பெண்களே, கருத்தடை மாத்திரையிலும் இந்தக் கணக்கு உண்டு. ஒரே ஹார்மோன் உள்ள சில வகை மாத்திரைகளில் மூன்று மணி நேரம் தாமதமானாலே பாதுகாப்பு குறையும். பயண நாளில் 24 மணி நேரத்தைத் தாண்ட விடாமல், கொஞ்சம் முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு வாரம், பத்து நாள் என்று வந்துபோகிறவர்கள் கேட்கலாம்: 'இத்தனை சின்ன பயணத்துக்கு மாத்தணுமா?' நேரத்துக்குக் கட்டுப்பட்ட மருந்து என்றால், வெளிநாட்டு நேரத்தையே தொடர முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் சாப்பாட்டோடு கட்டிய மருந்து எதற்கும் இது பொருந்தாது. காந்தி ரோடு கடையில் மதியம் மூன்று மணிக்குப் புடவை விரித்துக்கொண்டிருக்கும்போது யாரும் ராத்திரிச் சாப்பாடு போட மாட்டார்கள்.

பெயர் மாறும், சட்டமும் மாறும்

நம் ஊரில் மாத்திரைக்குக் கம்பெனி வைத்த பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மருந்துச் சீட்டில் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குபவர்களுக்கு இது சுலபம், அந்த அட்டையிலேயே மூலப்பெயர்தான் அச்சாகியிருக்கும். ஒரு உதாரணம் போதும்: நம் பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். பெயர் வேறு என்று இங்கிருந்து கொண்டுபோனதையும் அங்கே வாங்கியதையும் சேர்த்துப் போட்டால், கல்லீரல் பாடுபடும். மாத்திரைகளைப் பிரித்துக் கவரில் கொட்டாமல், அட்டையோடு எடுத்துப்போங்கள்.

துபாய்க்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். டிரமடால், கோடீன், பிரிகாபலின், அல்பிரசோலம் போன்றவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். நம் ஊரில் மூட்டுவலிக்கும் கால் எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் சாதாரணமாக எழுதித் தருபவைதான் இவை. அந்த நாட்டு அரசிடம் ஆன்லைனில் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் பெட்டியில் வைக்கக் கூடாது. துபாய் வழியாக விமானம் மாறுபவர்களும் விசாரித்துக்கொள்வது நல்லது.

போகும்போது ஆளுக்கு ஆள் சொல்லி அனுப்புவோம். திரும்பி வரும்போதுதான் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் இன்சுலின் போடுபவருக்குத் திரும்பும் பயணம்தான் கஷ்டமானது. கிழக்கு நோக்கிய பயணம், நாள் சுருங்கும், ஊசிகள் நெருங்கும். அதற்கான கணக்கையும் கிளம்பும் முன்பே அதே சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நெவார்க் விமான நிலையத்தில் நின்றுகொண்டு தேடினால் காஞ்சிபுரத்து டாக்டர் கிடைக்க மாட்டார். அங்கே மாலை 6 மணி என்றால், இங்கே அவருக்கு விடியற்காலை மூன்றரை.